வெசலில் வன்னியைச் சுற்றி வந்தோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியாவில் இருந்து குடும்பமாக ஒரு சுற்றுப் போய் வந்த நாளில் இருந்து சொந்தக்காரர், அயலவர், வேலையிடத்து ஆட்கள் எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பாதிப்பேர் ஹொண்டா வெசல் கார் வாங்க யோசிக்கிறவர்கள். மீதிப்பேர் கையில் வைத்துக்கொண்டே கிரவல் றோட்டில் இறக்கப் பயப்படுகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் நோகிறது. ஆகவே எல்லாம் ஒரே இடத்தில்.

எந்தக் கார்? எந்த வழியால் போனீர்கள்?

ஹொண்டா வெசல் ஹைபிரிட். 2013 கடைசியில் ஜப்பானில் வெளிவந்த முதல் தலைமுறை, முன் சில்லு இரண்டும் மட்டும் இழுக்கிற வகை. 1,500 சிசி பெற்றோல் எஞ்சின், கியர்ப் பெட்டிக்குள் ஒரு மின் மோட்டர், ஏழு கியர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்துவதற்கு முதல் இலங்கைக்கு வந்து குவிந்தவற்றில் ஒன்று.

வவுனியாவில் இருந்து ஏ9 ஆல் ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன். அங்கே கிழக்காகத் திரும்பி ஏ35 இல் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, வட்டுவாகல், முல்லைத்தீவு. பிறகு ஏ34 இல் ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளத்துக்கு வந்து, துணுக்காய், மல்லாவிப் பக்கமாகப் போய் வெள்ளாங்குளத்தில் ஏ32 ஐப் பிடித்து மன்னார். திரும்பும்போது மடுவுக்குப் போய், பறையனாலங்குளம், பூவரசங்குளம் வழியாக வீடு. காரில் நான், இவர் (என் கணவர்), மகன், மகள், அம்மா.

பார்க்க ஜீப் மாதிரி இருக்கிறதே, எங்கேயும் போகுமா?

போகாது. ஹொண்டாவின் சின்னக் காரான ஃபிட்டின் அடித்தளத்தை எடுத்து, உயர்த்தி, மேலே பெரிய உடம்பு வைத்த கார் இது. இப்படிச் சொன்னால் வெசல் வைத்திருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது, ஆனால் அதுதான் உண்மை. உயரமான கார் என்று நினைத்து ஓடினால் வன்னியில் பெரும்பாலான இடத்துக்குப் போகலாம். ஜீப் என்று நினைத்தால் காட்டுப் பாதையில் உழவு மெசின் வந்து இழுக்கும்வரை நிற்க வேண்டி வரும்.

வன்னி றோட்டுகளுக்கு உயரம் காணுமா?

நிலத்தில் இருந்து 185 மில்லிமீற்றர். ஒரு வேடிக்கை, நாலு சில்லும் இழுக்கிற வெசல் இதைவிடத் தாழ்வு, 170 தான். நாலு சில்லு என்றால் உயரமும் கூட என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்கிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரும் சாமானும் ஏறியவுடன் பின்பக்கம் இன்னும் இறங்கும்.

ஏ9, ஏ35, ஏ34 எல்லாம் காப்பெற் றோட்டு. அதில் எந்தக் காரும் போகும், உயரத்தைப் பற்றிய கதையே தேவையில்லை. கதை தொடங்குவது உள்ளே திரும்பினால்தான். யோகபுரம் பக்கம் சித்தப்பா வீட்டுக்குப் போகிற ஒழுங்கை முழுக்கக் கிரவல். உழவு மெசின்கள் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து, நடுவில் புல் முளைத்த திட்டு நிற்கிறது. தடத்திலேயே சில்லை விட்டால் அந்தத் திட்டு காரின் வயிற்றை உரசும். ஒரு பக்கச் சில்லைத் திட்டின் மேலும் மற்றதை ஓரத்து மேட்டிலும் வைத்து நடந்து போகிற வேகத்தில் போனேன். இவர் இறங்கி முன்னால் நடந்து, கல் இருந்த இடத்தில் கையைக் காட்டினார். புல் அடியில் சரசரவென்று உரசியது. அது பரவாயில்லை, புல் ஒன்றும் செய்யாது. மதகு ஏறி இறங்கும்போது முன் பம்பரின் கீழ் உதட்டைத்தான் பார்க்க வேண்டும். சரிவில் நேராக இறங்காமல் கொஞ்சம் சரித்து இறக்கினால் தப்பும்.

உயரத்தைவிட எனக்குத் தொல்லை தந்தது துள்ளல். கிரவல் றோட்டில் கிடக்கிற குறுக்கு அலைகளில் 30 க்கு மேல் போனால் பல்லுக்குப் பல் அடிக்கும். வெசலில் 16 அங்குலச் சில்லும் உண்டு, 17 உம் உண்டு. கிராமத்துப் பக்கம் அடிக்கடி போகிறவர் 16 ஐப் பாருங்கள். ரயரின் பக்கச் சுவர் உயரமாக இருப்பதால் அடி கொஞ்சம் அமரும். அழகுக்கு 17 தான், அதில் சந்தேகமில்லை.

றோட்டை விட்டு இறங்கிக் காட்டுக்குள் நிறுத்தலாமா?

வேண்டாம். பெரும்பாலான இடங்களில் மிதிவெடி அகற்றிவிட்டார்கள். ஆனாலும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையும் நாடாவும் இருக்கிற இடத்தில் ஒரு அடி கூட உள்ளே வைக்கக் கூடாது, பிள்ளைகளுக்கு அவசரம் என்றாலும். கடை, கோயில், பெற்றோல் செட் ஒன்று வரும்வரை ஓடுங்கள்.

ஐந்து பேருக்கு இடம் இருக்கிறதா? வயதானவர்களுக்கு எப்படி?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். எனக்கும் சொல்ல அதிகம் இருப்பது இதில்தான்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் நோ. முந்தி இருந்த காரில் ஏற அவ குனிந்து, கைப்பிடியைப் பிடித்து, விழுகிற மாதிரித்தான் இருப்பா. இறங்க ஆள் வேண்டும். வெசலில் சீற் அவவின் இடுப்பு மட்டத்துக்கு வருகிறது. பின்பக்கமாக இருந்துவிட்டுக் காலை உள்ளே எடுத்தால் சரி. முறிகண்டியில் முதல் தரம் தனியாக இறங்கிவிட்டு, "கதிரையில இருந்து எழும்புற மாதிரி இருக்கு பிள்ளை" என்றா. எனக்கு இந்தக் காரில் கொடுத்த காசு அந்த இடத்தில் சரியாகிவிட்டது.

ஆனால் பின் கதவின் கைப்பிடி அம்மாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அது மேலே, கண்ணாடிச் சட்டத்தின் மூலையில், கறுப்போடு கறுப்பாக ஒளிந்திருக்கிறது. இரண்டு கதவுக் கார் மாதிரித் தெரிய வேண்டும் என்று செய்த அழகு. மகளுக்கு எட்டவில்லை, அம்மாவுக்குத் தெரியவில்லை. நிற்கிற இடமெல்லாம் இவர்தான் இறங்கி ஓடிப் போய்த் திறந்தார்.

பின்னால் மூன்று பேர் இருக்கலாம், கால் நீட்ட இடமும் தாராளம். நடுவில் இருக்கிறவருக்குத்தான் கஷ்டம், அகலம் குறைவு. மகனையும் மகளையும் அதில் மாற்றி மாற்றி இருத்தினோம். சண்டை வந்தது, அதற்குக் காரைக் குற்றம் சொல்ல முடியாது. பின் கண்ணாடி உயரத்தில் தொடங்கி ஒடுங்கிப் போவதால் சின்னப் பிள்ளைகளுக்கு வெளியே தெரிவது குறைவு. குளத்தில் கொக்குப் பார்க்க மகள் எழும்பி நிற்கப் பார்த்தாள், பெல்ட் விடவில்லை.

அந்த மடக்குச் சீற் பெரிய வசதியாமே?

மற்றக் கார்களில் பின் சீற்றுக்குக் கீழ் இருக்கிற பெற்றோல் ராங்க் இதில் முன் சீற்றுகளுக்குக் கீழே. அதனால் பின் சீற்றின் அடிப்பகுதியைச் சினிமாக் கொட்டகைக் கதிரை மாதிரி மேலே மடக்கி நிறுத்தலாம். அந்த இடத்தில் தென்னங்கன்றை நிமிர்த்தி வைக்கலாம், தயிர் முட்டியை ஆடாமல் வைக்கலாம். வவுனியாவுக்குள் தனியாக ஓடும்போது நான் கிழமையில் பல தரம் பாவிக்கிறேன். ஐந்து பேர் போகும்போது மடக்கச் சீற் ஏது? பயணத்துக்கென்று இதை நம்பி வாங்காதீர்கள்.

அப்புறம், பின்னால் சாமான் வைக்கிற இடத்துக்கும் ஆட்கள் இருக்கிற இடத்துக்கும் நடுவில் சுவர் கிடையாது. முல்லைத்தீவில் கருவாடு வாங்கினோம். மூன்று பையில் சுற்றி, பெட்டிக்குள் வைத்து, பெட்டியை நாடாவால் ஒட்டியும் மாங்குளம் வருவதற்குள் எல்லாருடைய உடுப்பிலும் அந்த மணம். பழைய மாதிரிக் காரில் டிக்கி தனியாக இருந்ததன் அருமை அப்போதுதான் தெரியும்.

வெயிலுக்கு ஏசி தாங்குமா?

முன்னால் குளிர் தாராளம். பின்னால் ஏசி வாய் இல்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒட்டுசுட்டானில் நிறுத்தி, தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வந்து ஏறினால், பின்னால் குளிர் போய்ச் சேர நேரம் எடுக்கும். முன்னால் நடு வாய்கள் இரண்டையும் கூரைப் பக்கமாகத் திருப்பி, காற்றைக் கூட்டி விடுங்கள். பின் கண்ணாடிகளுக்கு ஒட்டுகிற நிழல் துணி வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சின் நின்றாலும் ஏசி பற்றரியில் ஓடும். கொஞ்ச நேரத்தில் பற்றரி இறங்கியதும் எஞ்சின் தானாக உயிர் பெறும், பயப்பட வேண்டாம்.

பெற்றோல் எவ்வளவு குடித்தது?

ஜப்பானில் சொன்ன கணக்கு லீற்றருக்கு 27 கிலோமீற்றர். அது ஆய்வுகூடத்துக் கணக்கு, ஏசி போட்டு ஐந்து பேரை ஏற்றிப் பார்த்ததல்ல. எங்களுக்கு ஏ9 இல் 70 ஐத் தாண்டாமல் ஓடியபோது 19 வரை காட்டியது. கிரவலில் உருண்டபோது 13, 14. சட்டப்படியும் ஊருக்கு வெளியே கார்களுக்கு 70 தான், ஊருக்குள் 50. ஏ9 நேராகக் கிடக்கிறது என்று கால் அழுத்தினால் எங்காவது மர நிழலில் பொலிஸ் நிற்கும்.

ராங்க் 40 லீற்றர். வவுனியாவில் நிரப்பினால் இந்தச் சுற்று முழுக்கக் காணும். 92 ஒக்டேன் போதும். ஜப்பானிலேயே இதற்குச் சாதாரணப் பெற்றோல்தான். 95 அடித்தால் இழுவை கூடும் என்று சொல்கிறவர்களிடம் வீண் வாதம் வேண்டாம்.

கியர்ப் பெட்டி சூடாகி நின்றுவிடும் என்கிறார்களே?

காரணம் தெரிந்தால் பயம் போகும். இதில் இருப்பது இரட்டைக் கிளச்சோடு கூடிய ஏழு கியர். பற்றரியில் சார்ஜ் இருக்கும்வரை மோட்டரே காரை நகர்த்தும், கிளச்சுக்கு வேலை குறைவு. பற்றரி இறங்கினால் நிலையில் இருந்து காரை நகர்த்துகிற வேலை எஞ்சினுக்கு வரும். அப்போது கிளச் கொஞ்சம் வழுக்கிப் பிடிக்க வேண்டும். ஏசியும் ஓடி, வரிசையில் ஒரு அடி ஒரு அடியாக ஊர்ந்தால் அந்த வழுக்கல் திரும்பத் திரும்ப நடந்து சூடேறும். எச்சரிக்கை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆற விட வேண்டும்.

வன்னியில் அப்படி ஊர்கிற இடம் குறைவு. ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், இந்த இரண்டுக்கும் போகிறவர்கள் கவனியுங்கள். முன் வாகனத்துக்கு ஒட்டி ஊராமல், நாலைந்து கார் நீளம் இடைவெளி விழும்வரை நின்று, பிறகு ஒரேயடியாக நகருங்கள். பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும். குளக்கட்டு ஏற்றத்தில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலேற்றரால் காரைப் பிடித்து வைத்திருக்கிற பழக்கத்தையும் விடுங்கள்.

இன்னொன்று. கியரைக் கட்டுப்படுத்துகிற மென்பொருளுக்காக 2014 இல் ஜப்பானில் இந்த மாதிரியைத் திருத்தத்துக்குத் திரும்ப அழைத்தார்கள். தொடக்க ஆண்டுகளின் கார் பார்க்கிறவர் செசி நம்பரை ஹொண்டாவின் ஜப்பானிய இணையப் பக்கத்தில் போட்டு, அந்தத் திருத்தம் நடந்ததா என்று பார்க்கலாம்.

ஸ்பெயார் வீல் இல்லையாமே, உண்மையா?

உண்மை. காரை வாங்கி மாதக்கணக்கில் ஓடியும் இது தெரியாதவர்கள் இருக்கிறார்கள். பின் தளத்துக்குக் கீழே ஹைபிரிட் பற்றரி இருப்பதால் சில்லு வைக்க இடமில்லை. ஒட்டுப்பால் மருந்துப் போத்தல் ஒன்றும் காற்றடிக்கிற சின்ன மெசின் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். ஆணி குத்தினால் அது காப்பாற்றும். பக்கச் சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. பழைய காரென்றால் அந்தப் போத்தலின் காலமும் முடிந்திருக்கும், எடுத்துத் திகதியைப் பாருங்கள்.

நாங்கள் புறப்பட முதலே பழைய றிம் ஒன்றும் ரயர் ஒன்றும் வாங்கிப் பின்னால் போட்டுக்கொண்டோம். ஃபிட்டின் றிம் பொருந்தாது. அதற்கு நாலு நட், வெசலுக்கு ஐந்து. சாமான் இடத்தில் பாதி அதற்கே போய்விட்டது, பிள்ளைகளின் பைகள் காலுக்குக் கீழ் வந்தன. இவர் அதைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டேதான் ஏற்றினார்.

இலுப்பைக்கடவை தாண்டி, எதிரே வந்த டிப்பருக்கு விலகிக் காப்பெற்றின் ஓரத்தை விட்டு இறங்கியபோது இடது பின் ரயர் கூர்க்கல்லில் பட்டுக் கிழிந்தது. விரல் நீளத்துக்குப் பக்கச் சுவரில் வெட்டு. இரண்டு பக்கமும் வயல், ஒரு கடை இல்லை. சாமான் எல்லாவற்றையும் இறக்கி றோட்டோரம் அடுக்கி, அம்மாவைக் கருவாட்டுப் பெட்டியில் இருத்திவிட்டு, சில்லை மாற்றினோம். சைக்கிளில் வந்த ஒரு ஐயா கேட்காமலே இறங்கி ஜக்குக்குக் கீழ் வைக்கப் பலகைத் துண்டு தேடித் தந்தார். மணலில் ஜக் புதையும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே ஸ்பெயார் வீல், ஜக், நட் கழற்றுகிற சாவி, அதோடு ஒரு தட்டைப் பலகை. இவை இல்லாமல் ஏ32 இல் இறங்காதீர்கள்.

இரவில் ஓடலாமா?

நான் ஓடவில்லை, ஓடவும் சொல்ல மாட்டேன். ஏ9 இல் பொழுதுபட்டால் மாடுகள் சூடான தாரில் வந்து படுக்கும். கறுப்பு எருமை லைற் பட்டாலும் தெரியாது. மன்னார் றோட்டில் காடு வருகிற பகுதிகளில் யானைப் பலகைகள் இருக்கின்றன, அவை சும்மா வைத்தவையல்ல. லைற் இல்லாத சைக்கிள் எல்லா றோட்டிலும் உண்டு. இந்தக் கார் மோட்டரில் ஓடும்போது சத்தமே இல்லை. பகலிலேயே சந்தைக்குப் போகிறவர்கள் பின்னால் கார் வருவது தெரியாமல் நடு றோட்டில் கதைத்துக்கொண்டு போகிறார்கள். ஹோர்னை லேசாகத் தட்டுங்கள்.

காற்று காரைத் தள்ளுமா?

சோளகக் காலத்தில் தள்ளும். வெள்ளாங்குளத்தில் இருந்து விடத்தல்தீவுப் பக்கம் வரை வெட்டவெளி. உயரமான உடம்பில் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். 60 இல் போனால் பிரச்சினை இல்லை.

ரேடியோ ஏன் பாடுவதில்லை?

இந்தக் காரின் ஜப்பானிய ரேடியோவில் எஃப்எம் 76 இல் தொடங்கி 90 ஓடு முடிகிறது. எங்கள் அலைவரிசைகள் பெரும்பாலும் அதற்கு மேலே. அலையை மாற்றித் தருகிற சின்னப் பெட்டி கார் சாமான் கடைகளில் இருக்கிறது. வரைபடத் திரையும் ஜப்பானைத்தான் காட்டும். ஃபோனை வையுங்கள்.

சாப்பாட்டுக்கு எங்கே நிறுத்துவது?

முறிகண்டியில் நிறுத்தாமல் போகிற சாரதி கிடையாது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுச் சுடச்சுடக் கச்சான் வாங்குங்கள். கோதைக் காருக்குள் போட விடாதீர்கள், சீற் தண்டவாளத்துக்குள் போனால் எடுக்கவே முடியாது. பாலைப்பழக் காலமென்றால் றோட்டோரம் விற்பார்கள். அதன் பால் சீற் துணியில் ஒட்டினால் லேசில் போகாது, இறங்கி நின்று சாப்பிடுங்கள். முல்லைத்தீவில் மதியம் மீன் சோறு.

மாரியில் இதே சுற்றுப் போகலாமா?

ஐப்பசி முதல் மார்கழி வரை காப்பெற் றோட்டோடு நில்லுங்கள். கிரவல் ஒழுங்கைகள் களியாகும், முன் சில்லு மட்டும் இழுக்கிற கார் அதில் வழுக்கிக்கொண்டே நிற்கும். தண்ணீர் றோட்டைக் கடக்கிற இடத்தில் ஆழம் தெரியாமல் இறக்காதீர்கள். சில்லின் பாதிக்கு மேல் என்றால் திரும்பி விடுங்கள், பின் தளத்துக்குக் கீழே விலை கூடிய பற்றரி இருக்கிறது. நந்திக்கடலுக்கு மேலால் போகிற வட்டுவாகல் பழைய பாலம் ஒடுக்கம், தாழ்வு. மழை பலத்தால் முல்லைத்தீவுக்கு ஒட்டுசுட்டான் வழியால் போவது நல்லது.

அப்போ வாங்கலாமா?

வீட்டில் முழங்கால் நோ உள்ள ஆள் இருந்தால், நாலு பேர் என்றால், பெரும்பாலும் காப்பெற்றில் ஓடுகிறவர் என்றால் வாங்குங்கள். ஐந்து பேர் நிரந்தரமாகப் போகிற குடும்பம் என்றால் அதே காசுக்கு வான் ஒன்றைப் பார்ப்பது புத்தி. வயலுக்கும் காட்டுக்கும் தினம் போகிறவருக்கு இது சரிவராது, டபிள் கப் பிக்கப் பாருங்கள். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் திறந்துவிட்டதால் பழைய வெசலுக்குச் சொல்கிற விலையை அப்படியே கொடுக்க வேண்டியதில்லை, பேரம் பேசுங்கள். பார்க்கப் போகும்போது ஏசியைப் போட்டுச் சந்தை நெரிசலில் அரை மணி நேரமாவது ஓடிப் பாருங்கள். வெறும் றோட்டில் எல்லா வெசலும் நல்லது.

திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

முதலில் எஞ்சின் காற்று ஃபில்டரையும் ஏசி ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள். எங்களுடையது செம்மண் நிறத்தில் வந்தது. ஏசி ஃபில்டர் முன் டாஷ் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது, ஆயுதம் ஒன்றும் தேவையில்லை. கடற்கரை மணலில் நிறுத்தியிருந்தால் அடிப்பக்கம் முழுக்க நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். கருவாட்டு மணத்துக்கு ஒரு சிரட்டையில் கரியை உடைத்துப் போட்டுப் பின்னால் வைத்திருக்கிறேன். குறைந்திருக்கிறது, இன்னும் முழுக்கப் போகவில்லை.